அமைதியான இடம்தான் ஆபத்தான இடம்!

ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், ஒரே ஒரு கேள்விதான்!

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரம் கடற்கரை. ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர் வந்து இறங்கியிருக்கிறீர்கள். இடது பக்கம் அலைகள் வெள்ளை வெளேரென்று நுரை கக்கியபடி உடைகின்றன. வலது பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும் ஒரு பதினைந்து, இருபது மீட்டர் அகலத்துக்கு அலையே இல்லை. தண்ணீர் கொஞ்சம் கரும்பச்சையாக, ரொம்ப சமர்த்தாக இருக்கிறது. நீச்சல் தெரியாத நண்பர் ஒருவரும் உங்களோடு இருக்கிறார். எங்கே இறங்குவீர்கள்?

"இதெல்லாம் ஒரு கேள்வியா சார்? நடுவுலதான்!" என்கிறீர்களா?

ஸாரி. நீங்கள் ஃபெயில். அதுவும் சாதாரண ஃபெயில் இல்லை. சப்ளிமெண்டரி எழுத வாய்ப்பே தராத ஃபெயில்!

அலை உடையாத அந்த நடு இடம்தான் அந்தக் கடற்கரையிலேயே மோசமான இடம். கரையோரத்து மக்கள் 'கடல் இழுக்குது' என்று சொல்வார்களே, அந்த இழுப்பு ஓடும் வாய்க்கால் அது. வெளிநாட்டுக்காரர்கள் 'ரிப் கரண்ட்' என்கிறார்கள். ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேனேஜர் கத்திக் கொண்டிருக்கும் வரை பிரச்னை இல்லை. திடீரென்று சிரித்து, தோளில் கை போட்டு, "வாப்பா, ஒரு டீ சாப்பிடலாம்" என்றால்தான் வயிற்றைக் கலக்கும். கடலும் அப்படித்தான்!

உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகணுமே!

இழுப்பு எப்படி உண்டாகிறது? ரஜினி படம் முதல் ஷோ முடிகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் உள்ளே. திறந்திருப்பது ஒரே ஒரு கதவு. அந்தக் கதவருகே நீங்கள் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் விட்டுவிடும்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தண்ணீருக்கு அடியில் மணல் மேடு ஒன்று கரைக்கு இணையாக ஓடும். அலைகள் அதில் இடித்து உடைந்து, தண்ணீரை மேட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்து கொட்டுகின்றன. ஓர் அலை, இரண்டு அலை, பத்து அலை... கொட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? திரும்பக் கடலுக்குத்தான் போக வேண்டும். மணல் மேட்டில் எங்கே ஒரு பள்ளம், ஓர் உடைப்பு இருக்கிறதோ, அங்கே எல்லாத் தண்ணீரும் சேர்ந்து கதவைக் கண்ட கூட்டம் போலப் பாயும். பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. ஆழத்தாலேயே நிறமும் கறுத்துத் தெரியும். நம் கண்ணுக்கு அது 'அமைதியான இடம்'!

வேகம் எவ்வளவு? சாதாரண நாட்களில் நொடிக்கு அரை மீட்டர் இருக்கலாம். "ப்பூ... இவ்வளவுதானா?" என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் 30 மீட்டர். அதாவது, கிட்டத்தட்ட மூன்று டவுன் பஸ்களை வரிசையாக நிறுத்தின தூரம். 'அட, தரை தட்டலையே' என்று நீங்கள் உணர்வதற்குள் கரை தூரத்தில் தெரியும். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களில் இந்த வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை செய்தார். நொடிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அலையில்லாத நீச்சல் குளத்தில், உலகத்தின் மிக வேகமான மனிதர், முக்கால் நிமிடம் மட்டும் தாக்குப்பிடித்த வேகம் அது! நாம் ஊர்க் கிணற்றில் டைவ் அடித்து, அத்தை மகள் பார்க்க நாலு சுற்று சுற்றி வந்தவர்கள். கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. கடல் நீச்சல் வேறு சப்ஜெக்ட்!

நம்ம ஊர் கடல் என்ன சொல்கிறது?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் மாமல்லபுரம் ஒரு மணி நேரச் சமாச்சாரம். சென்னையிலிருந்து வந்தால் ஈ.சி.ஆர். ரோட்டில் முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று வழியெல்லாம் கடல் கூப்பிடும். தெற்கே போனால் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், அதற்கும் அப்பால் பாலாற்று முகத்துவாரம். பெரும்பாலும் நேர்க்கோடு போட்ட மாதிரி நீண்ட மணல் கரை. வளைகுடா மாதிரி ஒதுங்கி நிற்க மறைவு கிடையாது. வங்கக் கடல் அனுப்புகிற அலை நேராக வந்து மோதும்.

இந்தக் கரையோரம் மணல் சும்மா இருப்பதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மணல் வடக்கே நகரும். வாடைக்காற்று மாதங்களில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு வடக்கே போவதுதான் அதிகம். 19-ம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டி அந்த ஓட்டத்தை மறித்ததால்தான் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது.

இதில் நமக்கு என்ன பாடம்? மணல் நகர்ந்தால் அடியில் இருக்கும் மேடும் பள்ளமும் நகரும். போன தீபாவளிக்கு நீங்கள் ஜாலியாகக் குளித்த அதே இடத்தில், இந்தப் பொங்கலுக்கு இழுப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். 'நமக்குத் தெரிஞ்ச பீச்சு மாமு' என்கிற வசனத்துக்குக் கடல் மதிப்பு தருவதில்லை.

சில இடங்களில் இழுப்பு கிட்டத்தட்ட நிரந்தர வாடகைதாரர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள், அலைதடுப்புக் கற்கள், தூண்டில் வளைவு ஆகியவற்றின் ஓரம் முதல் இடம். கரையை ஒட்டி ஓடி வரும் தண்ணீர் கல்லில் முட்டி, அதன் பக்கவாட்டிலேயே கடலுக்குள் திரும்பும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பாதுகாப்புக்காகக் கற்கள் கொட்டியிருக்கிறார்கள். அதன் அருகே போட்டோ எடுக்கலாம், பல்லவர்களை வாழ்த்தலாம். குளிக்க மட்டும் கூடாது! இழுப்போடு அடியில் பாறையும் இருக்கிறது. அடுத்தது, கோவளம், முட்டுக்காடு, பாலாறு மாதிரி முகத்துவாரங்கள். மழைக்காலத்தில் உள்ளிருந்து வரும் தண்ணீரும், கடலுக்குத் திரும்பும் தண்ணீரும் கூட்டணி வைத்துக்கொண்டால் எந்த எதிர்க்கட்சியும் நிற்க முடியாது.

நம் கரையின் இன்னொரு குணம், சரிவு. பல இடங்களில் இரண்டு எட்டு வைத்தால் முழங்கால். நாலாவது எட்டில் இடுப்பு. அப்புறம் திடீரென்று கழுத்து! திரும்பும் அலை காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். ஒரு கன மீட்டர் கடல் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். ஒரு மாருதி 800 காரைவிட அதிகம். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நிற்கிறவரைக் கவிழ்க்க ஓர் அலையே போதும்.

கள்ளக்கடல் என்று ஒன்று

காற்று இல்லை, மழை இல்லை, வானம் பளிச். ஆனாலும் கடல் திடீரென்று எழுந்து கரைக்கு வரும். கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2012-ல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது.

எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு புயல் சுழன்றடிக்கும். அங்கே கிளம்பிய நெட்டலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாட்கள் கழித்து நம் பக்கம் வந்து சேரும். நடுக்கடலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆழம் குறையும் கரையோரம் வந்ததும்தான் தலை தூக்கும். இது அதிகம் வருவது எப்போது தெரியுமா? பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே. பரீட்சை முடிந்து, லீவு விட்டு, ஊரே பீச்சுக்குக் கிளம்பும் அதே நேரம்!

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரை. கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவ, மாணவியர் கடலைப் பார்க்கப் போனார்கள். அலை இழுத்துக்கொண்டு போனதில் ஐந்து பேர் இறந்தார்கள். இன்னும் கொஞ்ச நாளில் டாக்டர்களாகப் போர்டு மாட்டியிருக்க வேண்டியவர்கள். அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே வெளியாகியிருந்தது. எச்சரிக்கை இருந்தது. அது கரையில் நின்ற பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

எச்சரிக்கை தருவது ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். சுருக்கமாக 'இன்காய்ஸ்'. 1999-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். எந்தக் கரையில் எவ்வளவு உயரம் அலை, எந்தத் திசை, எத்தனை விநாடிக்கு ஒன்று என்று தினமும் சொல்கிறார்கள். காசு கிடையாது. கிரிக்கெட் ஸ்கோரைப் பார்க்கிற அதே போனில் இதையும் பார்க்கலாம்.

பார்க்கும்போது இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஒன்று, அலையின் உயரம். உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். இரண்டாவது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி. ஐந்தாறு விநாடிக்கு ஒன்று வந்தால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. பதினைந்து விநாடிக்கு மேல் போனால் தூரத்திலிருந்து வரும் கனமான ஆசாமி. உயரம் குறைவாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது.

பனிமலைக்காரர்கள் சொல்லும் பாடம்

இமயமலை, ஆல்ப்ஸ் பக்கம் பனிச்சறுக்குக்கும் டிரெக்கிங்குக்கும் போகிறவர்களுக்கு எமன், பனிச்சரிவு. சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 வீரர்களைப் பனிச்சரிவு மூடியது நமக்கு மறக்காது. அவர்கள் கடமைக்கு நின்றவர்கள். 'இந்த இடம் வேண்டாம்' என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இல்லை. ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பனிமலை நாடுகளில் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

சரிவு 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை இருந்தால் உஷார். புதுப் பனி விழுந்த மறுநாள் உஷார். வசந்த காலத்தில் வெயில் ஏறினால் பனி இளகி வழுக்கும். அதனால் விடியும் முன் ஏறி, உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். இப்படிக் கணக்குகள். ஆனால், விபத்துகளை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்த பெரிய விஷயம் வேறு. பனிச்சரிவில் சிக்கி இறக்கும் உல்லாசப் பயணிகளில் பெரும்பாலானவர்கள் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டதே அவரோ, அவர் கூட வந்தவரோதான்! ஆபத்தின் அறிகுறி கண்ணெதிரே இருந்தும் போயிருக்கிறார்கள்.

ஏன் போனார்கள்? அவர்கள் சொல்லும் காரணங்களை நம்ம ஊர் பாஷையில் போட்டுப் பார்த்தேன். அப்படியே மாமல்லபுரம் பீச்!

"நாம எத்தனை தடவை வந்திருக்கோம், ஒண்ணும் ஆகாது" - இது பழக்க தோஷம்.

"அங்க பாரு, அத்தனை பேர் குளிக்கிறாங்க" - இது கூட்ட தோஷம். குளிக்கிற அத்தனை பேரும் இதே காரணத்தைச் சொல்லித்தான் இறங்கியிருப்பார்கள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு கால் நனைக்காம போறதா?" - இது பெட்ரோல் தோஷம். போட்ட காசுக்கு மரியாதை!

"மச்சி, அவங்க பார்க்கிறாங்கடா..." - இதற்கு விளக்கம் வேண்டாம்.

"இவனே சொல்றான்னா சரியாத்தான் இருக்கும்" - இது லீடர் தோஷம். அந்த லீடருக்கும் நீச்சல் தெரியாது என்பது அப்புறம்தான் தெரியும்.

பழக்க தோஷத்துக்கு உலகப் புகழ் உதாரணம் ஒன்று உண்டு. ஹரால்டு ஹோல்ட், ஆஸ்திரேலியாவின் பிரதமர். கடல் நீச்சலில் பிரியம் உள்ளவர். செவியட் பீச் அவருக்குப் பழகிய இடம். 1967 டிசம்பர் 17 அன்று கடல் மோசமாக இருந்தும் இறங்கினார். கூட இறங்கிய நண்பர் அடியில் இழுப்பு இருப்பது தெரிந்ததும் கரையோரமே நின்றுவிட்டார். பிரதமர் போனார். திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு அவர் நினைவாக மெல்போர்னில் ஓர் இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். என்ன இடம் தெரியுமா? நீச்சல் குளம்!

கூட்ட தோஷத்துக்கும் அதே நாட்டில் உதாரணம். 1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியின் பாண்டை பீச்சில் மணல் மேட்டில் நின்று குளித்துக் கொண்டிருந்த கூட்டத்தைத் தொடர்ந்து வந்த பெரிய அலைகள் சேர்த்து வாரிக்கொண்டு போயின. உயிர்காப்பு வீரர்கள் தண்ணீரில் பாய்ந்து 200-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். ஐந்து பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அத்தனை உயிர்காப்பு வீரர்கள் நம் கரையில் எத்தனை இடத்தில் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்து நிமிட பரிசோதனை

கடல் பக்கம் வந்ததும் சட்டையைக் கழற்றாதீர்கள். கொஞ்சம் உயரமான மணல் மேட்டில் ஏறி உட்காருங்கள். சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கடலைச் சும்மா பாருங்கள். ஏன் பத்து நிமிடம்? அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். நாலைந்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு, அப்புறம் பெரியண்ணன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வருவார்கள். அவர்களைப் பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது.

பார்க்க வேண்டியவை இவைதான். எல்லா இடத்திலும் அலை உடைந்து, ஓர் இடத்தில் மட்டும் உடையாமல் இடைவெளி தெரிகிறதா? அங்கே தண்ணீர் கறுத்திருக்கிறதா, அல்லது மணல் கலங்கிப் பழுப்பாக ஒரு பட்டை கடலுக்குள் நீள்கிறதா? நுரை, இலை, பிளாஸ்டிக் பாட்டில் ஏதாவது கடலைப் பார்த்து நடக்கிறதா? ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். எதுவும் தெரியாவிட்டாலும் இழுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. வெயில் எதிரே அடித்தாலோ, காற்றில் தண்ணீர் கலங்கியிருந்தாலோ பழகின கண்ணே ஏமாறும். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிட்டால் கணிப்பது இன்னும் கஷ்டம்.

அடுத்து, வாயைத் திறந்து கேளுங்கள். படகு ஓரமாக வலை பிரித்துக் கொண்டிருக்கும் பெரியவரிடம் போய், "அண்ணே, இன்னிக்கு இழுப்பு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை. அவர் தினமும் அந்தத் தண்ணீரில் சோறு சம்பாதிக்கிறவர். "வேணாம் தம்பி" என்று சொன்னால் அப்பீலுக்கு இடமில்லை.

அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கவனித்தும் கற்றுக்கொள்ளலாம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பையன்கள் பலர் இன்று சர்ஃபிங் கில்லாடிகள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்திலேயே நடந்தது. கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வாங்கினார். சர்ஃபிங் வீரர்கள் கடலுக்குள் போக இந்த இழுப்பையே ஓசி லிஃப்ட் மாதிரி பயன்படுத்துவார்கள். எங்கே ஏறணும், எங்கே இறங்கணும் என்று அவர்களுக்குத் தெரியும். கையில் பலகையும் இருக்கிறது. அவர்கள் போகிற வழியில் நாமும் போகலாம் என்று கிளம்பினால், லிஃப்ட் மேலே போகும். நாம் கீழே போவோம்!

அப்புறம் போர்டு. 'இங்கே குளிக்காதீர்கள். ஆபத்தான பகுதி' என்று எழுதி வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் அதைப் படித்துவிட்டு, அதிலேயே சட்டையை மாட்டிவிட்டு இறங்குகிறார்கள். அந்த போர்டு சும்மா வைத்ததில்லை. பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே யாரோ போயிருப்பார்கள். உயிர்காப்பு வீரர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போவது புத்திசாலித்தனம். 2021-ல் 'நீலக் கொடி' சான்றிதழ் வாங்கிய கோவளம் கடற்கரையில் அதற்கு ஏற்பாடு உண்டு.

பீர் குடித்துவிட்டு இறங்குவது பற்றித் தனியாக எழுத வேண்டுமா? தைரியம் ஏறும், திறமை இறங்கும். ஜீன்ஸ் பேண்ட்டோடு இறங்குவதும் வேண்டாம். நனைந்தால் இரண்டு காலிலும் மணல் மூட்டை கட்டிய மாதிரி.

இழுப்பில் மாட்டிக்கொண்டால்...

முதலில் ஒரு நல்ல சேதி. இழுப்பு உங்களை அடியில் அமுக்காது. வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். பெரும்பாலும் அலை உடையும் கோட்டைத் தாண்டியதும் அதன் ஆட்டம் முடிந்துவிடும். ஆளைக் கொல்வது, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதும், பயமும்தான்.

எனவே, நேராகக் கரைக்கு நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைப் பிடியுங்கள். ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அதாவது கோயில் பக்கமோ, அதற்கு எதிர்ப் பக்கமோ நீந்துங்கள். அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் கரைக்குத் திரும்புங்கள். இப்போது அந்த அலைகளே பின்னாலிருந்து தள்ளிவிடும். வெள்ளை நுரையைப் பார்த்துப் போ, கறுத்த தண்ணீரை விட்டு விலகு. இதுதான் சூத்திரம்.

கரையில் நிற்கிறவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை. 'நண்பன் போறான்டா' என்று குதிக்கத் தோன்றும். ஒருவர் மாட்ட, காப்பாற்றப் போன இரண்டு பேரும் சேர்ந்து போன செய்திகளை நாம் எத்தனை படித்திருக்கிறோம்! மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார். கிடைத்தது நீங்களாக இருந்தால் உங்களையும். குதிக்காமல் எதையாவது எறியுங்கள். கயிறு, காற்றடைத்த டியூப், காலி தண்ணீர் கேன், மூடிய பெரிய பாட்டில்கள்... மிதக்கிற எதுவானாலும் சரி. மீனவர்களைக் கூப்பிடுங்கள். 112 அல்லது 108-க்கு ஒருவர் போன் போடட்டும். இன்னொருவர் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கட்டும்.

சினிமாவில் மூழ்குகிற கதாநாயகி "காப்பாத்துங்க... காப்பாத்துங்க..." என்று கை ஆட்டி டயலாக் பேசுவார். நிஜத்தில் மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார். மூச்சு விடவே வாய் போதவில்லை, கத்த எங்கே போவது? தலை பின்னால் சாய்ந்திருக்கும். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போய் வரும். உடம்பு செங்குத்தாக நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். கூட்டமாக விளையாடும்போது திடீரென்று ஒருவர் சத்தம் நின்றால், "டேய், ஓகேவா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆபத்து.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது, தலையில் வைத்துச் சுற்றுவது எல்லாம் கூடவே கூடாது. பொன்னான நேரம் வீணாவதோடு, வயிற்றில் இருப்பது மூச்சுக் குழாய்க்குப் போய்விடும். மூச்சு இல்லாவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பிக்க வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பது கணக்கு. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. இதைச் செய்யக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். ஆபீஸில் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்க வசூல் செய்கிறோமே, அதே மாதிரி ஒரு தடவை பயிற்சியாளரைக் கூப்பிட்டால் என்ன? எழுந்து உட்கார்ந்து "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்து வேலையைக் காட்டலாம்.

கடல் உள்வாங்கினால்?

இந்தக் கரைக்கென்றே இன்னொரு பாடமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமிக்கு முன் மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியது. அதுவரை தண்ணீரில் மறைந்திருந்த பாறைகளும் கற்களும் வெளியே தெரிந்தன. பிற்பாடு தொல்லியல் துறையினர் அந்தப் பகுதியில் தோண்டிப் பார்த்து, பழைய கட்டுமானங்களைக் கண்டெடுத்தார்கள். சரித்திரத்துக்கு லாபம்தான். ஆனால், கடல் அப்படி உள்ளே போனால் அடுத்து வேகமாகத் திரும்பி வரப்போகிறது என்று அர்த்தம். வேடிக்கை பார்க்கவோ, போட்டோ எடுக்கவோ நேரம் இல்லை. மேடு பார்த்து ஓட வேண்டும்.

2021-ம் வருஷம் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதற்கு அடுத்த பாராவில், இவற்றில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை என்று எழுதுவார்கள். நம்ம பீச் விஷயத்தில் 'தடுப்பது' என்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஐந்து பேர் கேங்கில் ஒரே ஒருவர், "வேணாம்டா, அந்த இடம் சரியில்லை. கரையிலேயே உட்காரலாம்" என்று சொன்னால் போதும். மீதி நாலு பேரும் கிண்டல் செய்வார்கள். 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டப் பெயர் வைப்பார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீன் வரைக்கும்கூட அது தொடரும்.

தொடரட்டுமே! திங்கட்கிழமை கேன்டீனில் ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கிறார்களே, அதுதானே முக்கியம்.